ராமானுஜர் ஏற்காத சாட்சி

'அறிவும் ஆண்டவனும்' தொடர் – 11

பூரி ஜகந்நாதர் கோயிலோடு சேர்த்து வடக்கே ஒரு கதை சொல்வார்கள். மிதிலையிலிருந்து உதயனர் என்ற தருக்க ஆசிரியர் தரிசனத்துக்காக நெடுந்தூரம் வந்து சேர்கிறார். சன்னிதிக் கதவு அடைத்திருக்கிறது. மனம் நொந்துபோன அவர் ஜகந்நாதரிடமே சண்டைக்கு நிற்கிறார். இன்று செல்வச் செருக்கில் என்னைப் பார்க்க மறுக்கிறாய். நாளை பௌத்தர்கள் வாதுக்கு வரும்போது நீ இருக்கிறாய் என்று நிலைநாட்ட என்னைத்தானே நம்பியாக வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

கதை நடந்ததோ இல்லையோ, உதயனர் வாழ்ந்தவர். காலம் கி.பி. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளை ஒட்டியது. அவர் எழுதிய 'நியாய குசுமாஞ்சலி' ஐந்து பகுதிகள் கொண்ட நூல். முழு நூலும் ஒரே காரியத்துக்காக எழுதப்பட்டது. வேதத்தை ஒப்புக்கொள்ளாத ஒருவரையும் வெறும் காரண காரியத்தைக் காட்டியே 'ஆம், இறைவன் உண்டு' என்று சொல்ல வைக்க வேண்டும். அன்செல்மையும் அக்வினாஸையும் இந்தத் தொடரில் முன்பே பார்த்துவிட்டோம். அவர்களுக்கு எந்த விதத்திலும் குறையாத முயற்சி இது. எதிராளிகளின் கூர்மையை வைத்துப் பார்த்தால், அவர்களுடையதைவிடக் கடினமான முயற்சி என்றுகூடச் சொல்வேன்.

உதயனரின் வாதத்துக்கு அடித்தளம் நமக்கு அந்நியமானதல்ல. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் 29ஆம் காதையைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். கண்ணால் காணாத ஒன்றைக் கண்ட ஒன்றிலிருந்து அறியும் இந்த முறைக்குப் பெயர் அனுமானம். தமிழ்ச் சைவர்கள் இதைக் கருதல் என்பார்கள்.

உதயனர் இதே ஏணியை வைத்து இறைவனிடம் ஏறுகிறார். மண்ணும் மலையும் முளையும் செய்பவன் ஒருவனை உடையவை. ஏனென்றால் அவை காரியங்கள், அதாவது தோன்றியவை. தோன்றிய குடத்துக்குக் குயவர் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு பொருளைச் செய்பவர் அதன் மூலப்பொருளை அறிந்திருக்க வேண்டும். உலகத்தின் மூலப்பொருள் அணுக்கள். ஆகவே உலகத்தைச் செய்தவன் எல்லா அணுக்களையும் அறிந்தவன், எல்லாம் அறிந்தவன்.

இது ஒன்றோடு அவர் நிற்கவில்லை. அறிவில்லாத அணுக்கள் முதல்முதலில் இரண்டிரண்டாகச் சேர, அறிவுள்ள ஒருவர் அசைத்திருக்க வேண்டும் என்றார். உலகம் விழாமல் நிற்கத் தாங்குபவர் வேண்டும் என்றார். நெசவு போன்ற கைத்தொழில்களை முதல் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த ஆசான் ஒருவர் வேண்டும் என்றார். இன்று பள்ளி மாணவர்களே இவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் முதல் வாதம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்பது, இன்றும் திண்ணையிலும் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் உயிரோடு உலவுகிறது. 'இவ்வளவு பெரிய உலகம் தானாக வந்துவிடுமா?' என்று கேட்கும் ஒவ்வொருவரும் உதயனரின் கட்சிக்காரர்தான்.

பௌத்தர்கள் இதற்குச் சொன்ன மறுப்பு உதயனருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தர்மகீர்த்தி, புற்றைக் காட்டினார். புற்றும் மண்ணால் ஆனது, குடமும் மண்ணால் ஆனது. மண்ணால் ஆனதற்கெல்லாம் குயவர் உண்டென்றால் புற்றையும் குயவரே வனைந்திருக்க வேண்டும். குடத்துக்குக் குயவரை நாம் ஊகிப்பது அது மண்பாண்டம் என்பதற்காக அன்று. குயவர்கள் குடம் வனைவதைப் பல முறை பார்த்திருப்பதற்காக. மலைகள் செய்யப்படுவதை யார் பார்த்தது? புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு அடுக்களையில் நிலைப்பட்டது. உலகத்துக்கும் உலகைச் செய்பவனுக்கும் உள்ள உறவு நிலைப்பட்ட அடுக்களை எங்கே இருக்கிறது?

வேள்வியே உயிர் என்று வாழ்ந்த மீமாம்சகர்கள் இன்னும் கடுமையாகக் கேட்டார்கள். வேதத்தைக் காக்கவே எழுந்த அந்த மரபுக்கு உலகைப் படைத்த இறைவன் தேவைப்படவில்லை என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். உலகம் தோன்றுமுன் படைப்பவன் எங்கே நின்றான், எந்த உடம்போடு நின்றான் என்று கேட்டார் குமாரில பட்டர். கருணையால் படைத்தான் என்றால், அதற்குமுன் இரக்கப்பட ஓர் உயிரும் இல்லையே என்றார். கருணைதான் காரணம் என்றால் இன்பம் மட்டுமே உள்ள உலகத்தை அல்லவா படைத்திருப்பான் என்றார். இந்தக் கடைசிக் கேள்வியின் கனத்தை, ஒரு குழந்தையின் மரணத்துக்கு அருகில் இருந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

இதுவரை வந்த மறுப்புகள் எதிரணியிலிருந்து வந்தவை. உதயனருக்குப் பிறகு வந்த மறுப்புதான் என்னைப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. அது ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. சொன்னவர் ராமானுஜர்.

மரபுக் கணக்குப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். திருமாலின் திருவடியைத் தவிர வேறொன்றையும் பற்றாத வாழ்க்கை. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், தொடக்கத்திலேயே மூன்றாம் சூத்திரத்தில், இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: இறைவனை அனுமானத்தால் நிறுவ முடியுமா? உதயனர் மரபினரின் வாதத்தைத் தன் வாதம்போலவே வலுவாக எடுத்து வைக்கிறார். படிக்கிறவர் 'ஆம், சரிதானே' என்று தலையாட்டும் இடம் வரை கொண்டுபோகிறார். பிறகு அதை ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துப் போடுகிறார்.

குடம், மாடம் போன்ற காரியங்களைப் பார்க்கிறோம். அவை ஒரே சமயத்தில் ஒரே ஆளால் செய்யப்பட்டவையா? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்தவை. அப்படியிருக்க, மண்ணும் கடலும் மலையும் எல்லாம் ஒரே வேளையில் ஒருவரால் செய்யப்பட்டன என்று எப்படித் துணிவது? பலர், பல காலத்தில் செய்திருக்கலாமே. புண்ணிய மிகுதியால் பெரும் ஆற்றல் பெற்ற உயிர்கள் இதைச் செய்திருக்கலாமே. இன்னும் ஒன்று. நாம் கண்ட செய்பவர்கள் எல்லாரும் உடம்பு உள்ளவர்கள். அறிவில் குறை உள்ளவர்கள். வினைக்கு உட்பட்டவர்கள். குடத்திலிருந்து குயவரை ஊகிக்கும் வழியில் உலகத்திலிருந்து ஒருவரை ஊகித்தால், அந்த வழியே அவருக்கு உடம்பையும் குறையையும் வினையையும் சேர்த்துத்தான் கொடுக்கும். எல்லையற்ற இறைவனை நிறுவப் புறப்பட்ட அனுமானம் எல்லைக்குட்பட்ட ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

ராமானுஜர் நடமாடிய அதே ஸ்ரீரங்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஏழு பிராகாரங்கள் கொண்ட அந்தக் கோயிலை ஒரு மன்னர் கட்டவில்லை, ஒரு நூற்றாண்டும் கட்டவில்லை. 236 அடி உயரத்துடன் நிற்கும் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987இல்தான் முடிந்தது. இவ்வளவு பெரிய கட்டடம் என்பதிலிருந்து ஒரே கர்த்தாவை ஊகிக்கிறவர் ஸ்ரீரங்கத்திலேயே தவறிப்போவார்.

ராமானுஜரின் பரமாசாரியரான ஆளவந்தார் 'ஈசுவர சித்தி' என்ற நூலில் தருக்க வழியில் இறைவனை நிறுவ முயன்றவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு முழுமையாகக் கிடைக்காத நூல் அது. தன் குருபரம்பரையின் பெருந்தூண் ஒருவர் சென்ற வழியை, எதிரிக்கு வலுச்சேர்க்கும் என்று அஞ்சாமல், வெளிப்படையாக விட்டு விலகினார் ராமானுஜர். இதற்கு அறிவுத் துணிவு மட்டும் போதாது. தன் இறைவன் மேல் பெரும் நம்பிக்கையும் வேண்டும்.

ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்து, எடின்பரோவில் டேவிட் ஹியூம் ஒரு நூலை எழுதி, தன் வாழ்நாளில் வெளியிடாமல் வைத்திருந்தார். இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள் அடங்கிய நூல் அது. 1776இல் இறக்கும்போது வெளியிடும் பொறுப்பை நண்பர் ஆடம் ஸ்மித்திடம் தர விரும்பினார். பொருளாதாரத்தின் தந்தை என்று போற்றப்படும் அதே ஸ்மித், இந்த நூலை வெளியிடத் தயங்கினார். கடைசியில் ஹியூமின் சகோதரர் மகன் 1779இல் வெளியிட்டார். அதில் ஃபைலோ என்ற பாத்திரம் கேட்கிறது: ஒரு வீட்டையும் கப்பலையும் நகரத்தையும் பல பேர் கூடித்தானே கட்டுகிறார்கள், உலகைப் பல தெய்வங்கள் கூடிச் செய்திருக்கக் கூடாதா? செய்பவர்கள் எல்லாரும் உடம்பெடுத்துப் பிறந்து இறப்பவர்கள்தானே, உலகைச் செய்தவரும் அப்படி இருக்கக் கூடாதா? இந்த உலகம், கைத்திறன் பழகாத ஓர் இளம் தெய்வத்தின் முதல் முயற்சியாக இருக்கக் கூடாதா?

ஸ்ரீபாஷ்யத்தை ஜார்ஜ் தீபோ ஆங்கிலத்தில் பெயர்த்தது 1904இல்தான். ஹியூமுக்கு ராமானுஜர் என்ற பெயரே தெரிந்திருக்க வழியில்லை. இருவரும் ஒரே ஓட்டையில் விரல் வைக்கிறார்கள். ஆனால் ஹியூம் கேட்பது சமய நம்பிக்கையின் அடித்தளத்தை அசைக்க. ராமானுஜர் கேட்பது தன் இறைவனை ஒரு குயவர் அளவுக்குச் சுருங்காமல் காக்க. ஒரே வாதம் நாத்திகத்துக்கும் பக்திக்கும் இப்படிப் பொதுவாக இருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. இந்த வாதம் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. அது உண்மையாக இருப்பதால்தான் இருவர் கையிலும் வேலை செய்கிறது.

அப்படியானால் ராமானுஜருக்கு இறைவன் எப்படிக் கிடைக்கிறான்? சாத்திரத்தால். வேதம் ஒருவரால் செய்யப்படாதது, என்றும் உள்ளது, அதுவே இறைவனைக் காட்டும் ஒரே அளவை என்கிறார். இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழுகிறது. வேதத்தை ஒப்புக்கொள்ளாதவருக்கு இந்தப் பதில் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஒரு பௌத்தரையோ ஓர் உலகாயதரையோ இது அசைக்காது. ராமானுஜர் இதை அறியாதவர் இல்லை. இறைவனை அறியும் வாசல் எது என்று அவர் சொன்னார். எல்லாரையும் அந்த வாசலுக்குள் இழுத்துவரும் கயிறு தருக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல மறுத்துவிட்டார். அந்த மறுப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வேதம் பற்றிய அவருடைய நிலைப்பாட்டை ஏற்பதும் ஏற்காததும் வாசகரின் நம்பிக்கையைப் பொறுத்தது.

தமிழ்ச் சைவம் வேறு வழியில் போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதே அனுமானம்தான். அவன், அவள், அது என்று பிரித்துச் சொல்லத்தக்க இந்த உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவிப்பவன் உண்டு. எல்லாம் ஒடுங்கும்போது எஞ்சி நிற்பவனே மீண்டும் எல்லாம் தோன்றுவதற்கும் முதல். ராமானுஜரின் 'ஏன் ஒருவர்?' என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது: எல்லாம் ஒடுங்கிய பிறகு எஞ்சுவது ஒருவன்தான். அழகான பதில். அதற்கு ஒரு விலை உண்டு. உலகம் முழுவதும் ஒருசேரத் தோன்றி ஒருசேர ஒடுங்குகிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு செடி முளைத்து மடிவதைப் பார்த்திருக்கிறோம். உலகம் முழுவதும் ஒருசேர முளைத்ததை யார் பார்த்தார்?

இருபதாம் நூற்றாண்டில், அதைப் பார்த்துவிட்டோம் என்று சிலருக்குத் தோன்றியது.

ஜார்ஜ் லெமெய்த்ர், 1894இல் பெல்ஜியத்தின் சார்லெருவாவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1923இல் கத்தோலிக்கக் குருவானவர். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இல் எழுதினார். அந்த ஆண்டு அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, இயற்பியல் சகிக்க முடியவில்லை என்கிற மாதிரி முகம் சுளித்தார். 1931இல் 'நேச்சர்' இதழில் லெமெய்த்ர் இன்னும் ஒரு படி போனார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால், எல்லாம் ஓர் ஆதி அணுவில் அடங்கும் என்றார். இன்று நாம் பெருவெடிப்பு என்று சொல்வதன் விதை அது.

உதயனருக்கும் மெய்கண்டாருக்கும் இல்லாதிருந்த அந்த ஒரு படி கிடைத்துவிட்டதுபோல் இருக்கிறதல்லவா? உலகம் முழுவதும் ஒருசேரத் தொடங்கியது. ஆகவே தொடக்கி வைத்தவர் உண்டு. 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தம்முடைய அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். காலத்தில் ஒரு தொடக்கம் இருந்ததை அறிவியலே காட்டுகிறது, படைப்பு உண்டு, ஆகவே படைத்தவர் உண்டு என்ற திசையில் அந்த உரை போயிற்று. உலகெங்கும் செய்தியானது.

மகிழ்ச்சி அடைந்திருக்க வேண்டியவர் லெமெய்த்ர். அவருடைய கோட்பாடு, அவருடைய திருச்சபை, அவருடைய திருத்தந்தை. அவரோ கலங்கிப்போனார். அடுத்த ஆண்டு ரோமில் உலக வானியலாளர் மாநாடு கூடவிருந்தது. அதற்குமுன் அவர் ரோமுக்குப் போய், வாடிகன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த டேனியல் ஓ'கானல் அடிகளோடு இதைப் பற்றிப் பேசினார். 1952 செப்டம்பரில் வானியலாளர்கள் முன் பேசிய திருத்தந்தை, முந்தைய ஆண்டின் அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை.

லெமெய்த்ரின் கலக்கத்தில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1951இல் பெருவெடிப்பு நிலைபெற்ற கோட்பாடு அல்ல. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்று 1948இல் பிரெட் ஹாயிலும் பாண்டியும் கோல்டும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் வென்றிருந்தால், பெருவெடிப்பின் மேல் கட்டிய விசுவாசம் என்ன ஆகியிருக்கும்? பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாசும் வில்சனும் கண்டறிந்த செய்தி வெளிவந்தது 1965இல். அதைக் கேட்டுவிட்டுத்தான் 1966இல் லெமெய்த்ர் கண்மூடினார். பதினான்கு ஆண்டுகள் முன்னதாகவே, தான் வெல்வோம் என்று தெரியாத நாளில், தன் கோட்பாட்டைக் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்த அவர் இடம் தரவில்லை. பெருவெடிப்பு ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் பொதுவானது, கடவுளை மறுப்பவரின் கையையும் அது கட்டாது என்பதை 1958இல் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆழமான காரணம் வேறு. 1931 கட்டுரையின் தட்டச்சுப் பிரதியில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. இறைவன் தன் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்று நம்புகிறவர்களுக்கு, படைப்பின் மேல் இயற்பியலே ஒரு திரையைப் போட்டிருப்பது மகிழ்ச்சி தரும் என்ற கருத்து அதில் இருந்தது. அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பத்தியை அவரே அடித்துவிட்டார். அவர் எழுதியதும் அடித்ததும் எனக்கு ஒன்றுபோலவே முக்கியம். சமன்பாட்டின் முடிவில் வந்து நிற்கும் பொருளாக இறைவன் இருக்க மாட்டான் என்பது அவர் விசுவாசம். அந்த விசுவாசத்துக்கு அறிவியல் கட்டுரையில் இடமில்லை என்பது அவர் ஒழுக்கம். ராமானுஜரைப் படித்தவர்கள் இந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இயற்பியல் இன்று சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகுந்த வெப்பத்தோடும் அடர்த்தியோடும் இருந்தது, அங்கிருந்து விரிந்தது. இதற்குச் சான்று வலுவானது. அதற்கும் முன்னால், ஈர்ப்பும் குவாண்டம் விதிகளும் ஒன்றாகப் பிணையும் கட்டத்தில், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் செல்லுபடியாகா. அங்கே வேலை செய்யும் சோதிக்கப்பட்ட கோட்பாடு நம் கையில் இல்லை. இல்லாமையிலிருந்து எல்லாம் தோன்றிய கணம் என்று ஒன்றை எந்தத் தொலைநோக்கியும் காட்டவில்லை. நாளை காட்டினாலும் ராமானுஜரின் கேள்வி அப்படியே நிற்கும்: தொடங்கி வைத்தது ஒருவரா, பலரா, கருணை உள்ளவரா, நம் பிரார்த்தனையைக் கேட்பவரா? கதிர்வீச்சின் வெப்பநிலையிலிருந்து இதற்குப் பதில் வராது.

இயற்பியலை விட்டுவிட்டு, சுத்த தருக்கத்தால் முடியாதா என்றும் ஒருவர் முயன்றார். சாதாரண ஆள் இல்லை, குர்ட் கேடல். கணிதத்தின் எல்லைகளை 1931இல் வகுத்துக் காட்டிய மேதை. 1940களின் தொடக்கம் முதல் தன் குறிப்பேடுகளில் கடவுளின் இருப்புக்கு ஒரு நிரூபணம் எழுதி வந்தார். 1970இல் டேனா ஸ்காட் என்ற தருக்க அறிஞரிடம் காட்டினார். வெளியிடத் தயங்கினார். தான் செய்வது தருக்க ஆராய்ச்சி, ஆனால் உலகம் இதைத் தன் மத அறிக்கையாக எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சினார். 1978இல் அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தே அது அச்சேறியது.

2013இல் கிறிஸ்டோஃப் பென்ஸ்முல்லர், புரூனோ வோல்ட்சன்லோகல் பாலியோ என்ற இருவர் பெர்லினிலும் வியன்னாவிலும் இருந்தபடி அந்த நிரூபணத்தைக் கணினியில் ஏற்றிச் சரிபார்த்தார்கள். கணினி கடவுளை நிரூபித்துவிட்டது என்று செய்தி பரவியது. நடந்தது என்ன? ஸ்காட் எழுதிய வடிவத்தில், இந்த இந்த அடிப்படை விதிகளை ஒப்புக்கொண்டால் இந்த முடிவு பிழையின்றி வருகிறது என்று கணினி உறுதி செய்தது. அந்த விதிகள் உண்மையா என்பதைக் கணினி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இன்னும் நோண்டியபோது, கேடல் தன் கையால் எழுதியிருந்த வடிவத்தில் விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதையும் அதே கணினிதான் கண்டுபிடித்தது. முரணில்லாத ஸ்காட்டின் வடிவத்திலும் ஒரு விபரீதம் இருக்கிறது. அதன் விதிகளை ஏற்றால், உலகில் நடப்பதெல்லாம் நடந்தே தீர வேண்டியவை என்று ஆகிவிடும். இன்று மழை பெய்ததும் நீங்கள் இதைப் படிப்பதும் வேறுவிதமாக நடந்திருக்கவே முடியாது. இறைவனை வாங்கப் போய்ச் சுதந்திரத்தை விற்றுவிட்டு வர வேண்டியதாகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, நாத்திக நண்பர்கள் சிலர் வெற்றி முழக்கம் செய்யக்கூடும். அவர்களுக்கு உதயனரையே பதிலாக வைக்கிறேன். அவருடைய நிரூபணத்தைவிட அவருடைய தற்காப்பு பல மடங்கு வலுவானது. நியாய குசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் அவர் சொல்கிறார்: காணவில்லை என்பதால் இல்லை என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பொருள் இருந்தால் காணக்கூடியதாக இருக்க வேண்டும். மேசை மேல் குடம் இல்லை என்று கண்ணால் சொல்லலாம், குடம் கண்ணுக்குத் தெரியும் பொருள். தன் இயல்பிலேயே புலனுக்கு எட்டாத ஒன்றைக் காணவில்லை என்று சொல்லி இல்லையாக்க முடியாது. டார்வின் 1859இல் உயிர்களின் அமைப்புக்கு இயற்கையான காரணம் காட்டியபோது, கடிகாரத்துக்குச் செய்தவர் இருப்பதுபோல் உயிர்களுக்கும் உண்டு என்று 1802இல் வில்லியம் பேலி வைத்த கடிகார வாதம் விழுந்தது. ஒரு சாட்சி பொய்த்துவிட்டால் அந்தச் சாட்சியம் போகும், வழக்கு முடிந்ததாகாது. கடவுளை ஓர் அறிவியல் கருதுகோளாக எடுத்துக்கொண்டு 2006இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் எழுதிய பெருநூலின் பெரும்பகுதி, உதயனரின் இந்த நிபந்தனையை எதிர்கொள்ளவே இல்லை என்பது என் கருத்து. உலகில் தலையிடுகிற, அற்புதம் நிகழ்த்துகிற, நோய் தீர்க்கிற தெய்வம் என்று குறிப்பாகச் சொன்னால் அது சோதனைக்கு உட்பட்டதுதான். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கே தனியாக ஒரு வாரம் வேண்டும்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா வியந்து நிற்கிறது என்ற செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி பயணம் செய்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றுவிட்ட செயற்கைக்கோள் மறுபடி கிளம்பாது, விழும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நடராசர் சிலை இருப்பதால் அணுவிஞ்ஞானம் சிவதாண்டவத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்பது இன்னொன்று. அது 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த சிலை. அழகான, பொருத்தமான அன்பளிப்பு. ஆய்வின் முடிவு அன்று.

இவற்றை அனுப்புகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. தங்களுக்கு அருமையான ஒன்றுக்கு உலகம் மதிக்கும் ஓர் இடத்திலிருந்து முத்திரை வாங்கித் தர ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவு என்ன? பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்த பிள்ளை அந்தச் செய்தி பொய் என்று கண்டுபிடித்துவிடுகிறது. பொய்யோடு சேர்த்து, பாட்டி கோயிலில் கண்ணை மூடி நின்றதையும் பொய் என்று எடுத்துக்கொள்கிறது. நம்பிக்கையைக் காக்கக் கிளம்பியவர்களே அதற்குக் குழி வெட்டுகிறார்கள்.

இறைவனை நம்புகிறவன் என்ற உரிமையோடு கேட்கிறேன். உங்கள் நம்பிக்கைக்கு நாசாவின் சான்றிதழ் வேண்டாம். பெருவெடிப்பின் சான்றிதழ் வேண்டாம் என்று பெருவெடிப்பைச் சொன்ன குருவானவரே மறுத்திருக்கிறார். குடத்தைக் காட்டிக் கோவிந்தனை நிறுவ வேண்டாம் என்று ராமானுஜரே மறுத்திருக்கிறார். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்த வாரம், சோதனைக்கு உட்பட்ட தெய்வத்தைப் பற்றி: இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரில் சிலருக்காகப் பிறரைப் பிரார்த்திக்க வைத்து, சிலரை விட்டுவிட்டு, அமெரிக்க மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு.

(தொடரும்)